ஆப்கானிஸ்தானின் 'அம்னியத்'துக்குத் தெரியாமலா காபூல் விழுந்தது?

கேள்வி இதுதான்: "அமெரிக்கா இருபது வருடம் பணத்தைக் கொட்டி வளர்த்த என்.டி.எஸ். என்ற உளவுத்துறை ஆப்கானிஸ்தானில் இருந்தது. அப்படியிருந்தும் 2021 ஆகஸ்டில் பத்தே நாளில் நாடு தாலிபான் கைக்குப் போய்விட்டது. இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையா, இல்லை தெரிந்துகொண்டே விட்டுக்கொடுத்தார்களா? அந்த ஆட்கள் எல்லாம் இப்போது எங்கே?" இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார் கேட்டவர். எனக்கென்னவோ அவர் உண்மையில் கேட்பது வேறு என்று படுகிறது. உளவுத்துறை தோற்றது என்று எப்போது சொல்வது? தகவல் வராமல் போனாலா, வந்த தகவலை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாமல் போனாலா?

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் உளவாளி இல்லை. 2010-க்கும் 2017-க்கும் இடையில் இரண்டு தவணையாக ஐந்தரை வருடம் காபூலில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். எந்தச் சாலையில் இன்று வண்டி போகலாம், எந்த மாவட்டத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று காலையில் முடிவுசெய்வதுதான் தொழில். அதற்காகத் தினமும் அபாய அறிக்கைகளைப் படிப்பேன். அவற்றில் பாதி, சுற்றி வளைத்துப் பார்த்தால், என்.டி.எஸ்.ஸிலிருந்து கசிந்து வந்தவை. ஆக, அந்த அலுவலகத்தின் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளேயிருந்து என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவனின் பதில் இது. 2021 நிகழ்வுகளைத் தொலைபேசி வழியாகவும் செய்திகள் வழியாகவும்தான் தொடர்ந்தேன்.

அந்த அறிக்கைகளில் வாரம் தவறாமல் ஒரு வரி வரும்: "வெடிமருந்து ஏற்றிய வெள்ளை டொயோட்டா கொரோலா நகருக்குள் நுழைந்திருக்கிறது, கவனம்." காபூலைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். அந்த ஊரில் கண்ணில் படும் கார்களில் பெரும்பாலானவை கொரோலா. அதிலும் வெள்ளைதான் அதிகம். முதல் மாதம் நான் இதை ஒலிபெருக்கி மாதிரி எல்லா வண்டிகளுக்கும் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் ஓட்டுநர் பொறுமையாக வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சொன்னார்: "சாகிப், நாம் உட்கார்ந்திருப்பதும் வெள்ளை கொரோலாதான்." அந்த எச்சரிக்கை பொய் இல்லை. பல தடவை உண்மையாகவே அப்படி ஒரு கார் வந்து வெடித்தது. ஆனால் எந்தக் கார், எந்த நாள், எந்த வாசல் என்று சொல்லாத எச்சரிக்கையை வைத்து ஒரு சோதனைச் சாவடிக் காவலர் என்ன செய்வார்? ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடியும்போது விடியட்டும் என்ற கதைதான். குண்டு வெடித்த மறுநாள், "நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தோமே" என்று காட்ட ஒரு தாள் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தாள் துல்லியமாக வேண்டுமானால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். குண்டு தயாராகும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், அந்தக் காரை விற்ற புரோக்கர், பையனைத் தற்கொலைப் படைக்குக் கூட்டிப்போன மாமனைத் தெரிந்தவர். உள்நாட்டுப் போர் நடக்கும் இடத்தில் உளவுத்துறையின் முதல் சொத்து செயற்கைக்கோளும் ஒட்டுக்கேட்புக் கருவியும் அல்ல, இந்த மனிதர்கள்தான். இவர்கள் வாயைத் திறக்க இரண்டு நம்பிக்கை வேண்டும். சொன்னால் என் பெயர் வெளியே போகாது என்பது ஒன்று. நான் காட்டிக்கொடுத்தவன் நாளைக்கே திரும்பி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான் என்பது இன்னொன்று. என் பதில் முழுவதும் இந்த இரண்டு நம்பிக்கையைச் சுற்றித்தான்.

முதல் நம்பிக்கை ஏன் கெட்டது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காபூலில் சாதாரண ஆள் என்.டி.எஸ். என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அம்னியத்' என்பார்கள், பாதுகாப்பு என்று பொருள். ஐம்பது வயது தாண்டியவர்கள் சிலர் வாய் தவறி 'காத்' என்றே சொல்வார்கள், சொல்லும்போது குரல் இறங்கும். 1978-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் அதிபர் தராக்கி காலத்தில் அக்சா என்றொரு உளவுத்துறை வந்தது. அடுத்த வருடம் ஆட்சிக்கு வந்த அமீன் அதைக் காம் என்று மாற்றினார். சோவியத் படை நுழைந்த பிறகு, 1980 தொடக்கத்தில், அது காத் ஆனது. நஜிபுல்லா அதன் தலைவராக இருந்து பெயர் வாங்கித்தான் பிறகு நாட்டின் தலைவரே ஆனார். 1986-இல் அதைத் தனி அமைச்சகமாக்கி வாத் என்றார்கள். பலகை மாறிக்கொண்டே இருந்தது. காபூலின் புல்-இ-சர்க்கி சிறை அதே இடத்தில் இருந்தது. 2013-இல் நெதர்லாந்து அரசு வழக்கறிஞர்கள் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். 1978, 79-இல் கைதாகிக் கொல்லப்பட்ட ஏறக்குறைய 5,000 பேரின் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர் அதில் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்த பெரியவர் ஒருவர் அன்றைக்கு மதியம் முழுக்கக் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய தாய்மாமா காணாமல் போய் முப்பத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பெயர் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

2002-இல் கர்சாய் அரசு என்.டி.எஸ்.ஸைத் தொடங்கியபோது இந்தப் பயத்தின் மேல்தான் அஸ்திவாரம் போட வேண்டியிருந்தது. ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஒருபுறம், தாலிபானை எதிர்த்த அகமது ஷா மசூதின் வடக்குக் கூட்டணியில் ஒற்று வேலை பார்த்த பஞ்ச்ஷீர்ப் பள்ளத்தாக்குக்காரர்கள். முதல் தலைவர் ஆரிஃப் சர்வாரி, 2004-இல் வந்த அம்ருல்லா சாலே இருவரும் அந்த வழி. மறுபுறம், கே.ஜி.பி.யிடம் பயிற்சி பெற்ற பழைய காத் அதிகாரிகள். கோப்பு எழுதவும் ஆள் சேர்க்கவும் தெரிந்தவர்கள் வேறு யாரும் நாட்டில் இல்லை என்பதால் அவர்களையும் திரும்பக் கூப்பிட்டார்கள். விளைவு, தெற்கே ஒரு பஷ்தூன் கிராமத்தில் அம்னியத் ஆள் வந்து உட்கார்ந்தால் பாதிப் பேர் கண்ணுக்கு அவர் வடக்கத்தியக் கூட்டத்தின் ஆள். மீதிப் பேர் கண்ணுக்கு பழைய காத்.

அடுத்தது காவல்நிலையக் கொடுமை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஐ.நா. உதவிக் குழுவான யுனாமா எண்ணிக்கையோடு எழுதிவைத்திருக்கிறது. 2011 அக்டோபரில் வந்த அதன் முதல் அறிக்கைப்படி, என்.டி.எஸ். காவலில் இருந்த 273 பேரிடம் பேசியதில் 125 பேர், அதாவது 46 சதவீதம், சித்திரவதைக்கு ஆளானவர்கள். காபூலில் 124-ஆம் துறை என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்து வந்ததாகப் பேசிய 28 பேரில் 26 பேர் அடி, உதை, தொங்கவிடுதல் என்று சொன்னார்கள். அந்த அறிக்கை வெளியாகும் தறுவாயிலேயே நேட்டோ படை 16 காவல் இடங்களுக்குக் கைதிகளை ஒப்படைப்பதை நிறுத்தியது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கண்காணிப்பு வந்த பிறகு எண் இறங்கியது. 2013 அறிக்கையில் 34, 2017-இல் 29, 2021 தொடக்கத்தில் 16 சதவீதம். 16 என்பதும் ஆறில் ஒருவர்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் திருந்தவே மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

இதை மனித உரிமைப் பிரச்சினை என்று தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு, அப்புறம் 'திறமை' பற்றிப் பேசுகிற பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆப்கன் நீதிமன்றங்களில் ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே பல வழக்குகளுக்குப் போதுமானதாக இருந்தது. வாக்குமூலம் கிடைத்துவிட்டால் துப்பறிய வேண்டியதில்லை. அடி தாங்காதவன் வாயில் வருகிற பெயரைச் சொல்வான். பக்கத்து வயல்காரன், கடன் கொடுத்தவன், பெண் தர மறுத்தவன். அந்தப் பெயர்கள் அடுத்த சுற்றுக் கைதுப் பட்டியலாகும். கோப்பு கனக்கும், உள்ளே சரக்கு இருக்காது. இதில் ஊர்க்காரர் கற்றுக்கொள்ளும் பாடம், அம்னியத்தின் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்பதுதான். பிறகு யார் துப்புக் கொடுக்க வருவார்கள்?

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்.டி.எஸ்.ஸின் செலவை, குறிப்பாகத் தொடக்க வருடங்களில், சி.ஐ.ஏ. பார்த்துக்கொண்டது என்பதை இரு தரப்பு முன்னாள் அதிகாரிகளும் மறைத்ததில்லை. பணம் யாருடையதோ கேள்வியும் அவர்களுடையதாகத்தான் இருக்கும். அல் கொய்தா ஆள் எங்கே, வெளிநாட்டுப் போராளி எங்கே என்பது வாஷிங்டனின் கேள்வி. இந்த மாவட்டத்தில் கோதுமை வரியை யார் வசூலிக்கிறார்கள், மாவட்ட ஆட்சியர் ஏன் ராத்திரி ஊரில் தங்குவதில்லை, காவல்துறைச் சம்பளம் எந்த மட்டத்தில் காணாமல் போகிறது என்பது காபூலின் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நாட்டைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இரண்டாவது வகை. முதல் வகைக்குத்தான் ஹெலிகாப்டர் வந்தது.

அந்த ஹெலிகாப்டரில் ஏறியவர்கள் 'ஜீரோ யூனிட்' என்று பெயர் பெற்ற படைகள்: நங்கர்ஹாரில் 02, காந்தகாரில் 03, வார்தக், லோகர் பக்கம் 01, குனார் பக்கம் 04, கோஸ்டில் தனியாக ஒரு பாதுகாப்புப் படை. காகிதத்தில் என்.டி.எஸ்.ஸின் கீழ், ஆள் சேர்ப்பு, பயிற்சி, இலக்கு எல்லாம் சி.ஐ.ஏ.வோடு. சண்டை என்று வந்தால் நாட்டிலேயே இவர்களுக்கு நிகர் கிடையாது என்பார்கள்; நம்புகிறேன். ஆனால் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2019 அக்டோபரில் இவர்களது 14 இரவுச் சோதனைகளை ஆராய்ந்து, பிடிபட்ட நிலையிலேயே ஆட்களைச் சுட்டதாக எழுதியது. அதற்கு முந்தின மாதம் ஜலாலாபாத்தில் 02 படை ஒரே வீட்டில் நான்கு சகோதரர்களைக் கொன்றது. ஐ.எஸ். ஆட்கள் என்று முதலில் சொன்னார்கள், ஊரே கொதித்தது, என்.டி.எஸ். தலைவர் மசூம் ஸ்தானெக்சாய் பதவி விலக வேண்டியதாயிற்று. தலைவர் போனார். அவர் கட்டளைக்கு அந்தப் படை எவ்வளவு கட்டுப்பட்டது என்பது வேறு விஷயம். ஒரு ராத்திரிச் சோதனை தவறாகப் போனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து வருடம் உட்கார்ந்து வளர்த்த தொடர்புகள் அறுந்துபோகும். நாங்கள் நிவாரண வண்டி அனுப்பும்போதே அது தெரியும். போன மாதம் தேநீர் கொடுத்த அதே ஊர்ப் பெரியவர் இந்த மாதம் பார்க்கவே வரமாட்டார்.

இவ்வளவு சொன்னதால் என்.டி.எஸ். உதவாக்கரை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் செய்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டுமே என் வாதத்துக்கு வேண்டியவை. 2015 ஜூலை 29 அன்று என்.டி.எஸ். பேச்சாளர், தாலிபான் தலைவர் முல்லா உமர் இரண்டு வருடத்துக்கு முன்பே, 2013 ஏப்ரலில், செத்துவிட்டார் என்று அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான் உமர் பெயரில் பெருநாள் வாழ்த்து வந்திருந்தது. தாலிபானும் அறிவிப்பு வந்த மறுநாளே ஒப்புக்கொண்டது. இறப்பும் தேதியும் உறுதி. எங்கே இறந்தார் என்பது உறுதியில்லை: கராச்சி மருத்துவமனை என்றது என்.டி.எஸ்.; ஆப்கானிஸ்தானை விட்டு அவர் வெளியே போகவே இல்லை என்றது தாலிபான்; சாபுல் மாகாணத்தில்தான் கடைசிவரை ஒளிந்திருந்தார் என்பது பின்னால் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் தேடிக் கண்டது. எனக்கு அந்த மூன்றாவது கதையே நம்பும்படி இருக்கிறது. இதைவிட முக்கியம், அறிவித்த நேரம். காபூல் அரசும் தாலிபானும் பாகிஸ்தானின் முர்ரேயில் ஜூலை 7-இல் தொடங்கிய பேச்சுவார்த்தையின் இரண்டாம் சுற்றுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. செய்தி வந்தது, சுற்று நின்றது, அக்தர் மன்சூர் தாலிபான் தலைவரானார். பேச்சைக் கெடுக்கவே யாரோ இதைக் கசியவிட்டார்கள் என்று காபூலில் பேசாதவர் இல்லை. அதற்கு ஆதாரம் யாரும் காட்டியதில்லை, ஆகவே சந்தேகம் என்ற கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அனஸ் ஹக்கானி. தாலிபானின் கூட்டாளியான ஹக்கானி குழுவின் தலைவர் சிராஜுதீனின் தம்பி. 2014 அக்டோபரில் அவரைக் கோஸ்டில் பிடித்ததாக என்.டி.எஸ். அறிவித்தது, பஹ்ரைனில் பிடித்து ஒப்படைத்தார்கள் என்றது தாலிபான். எங்கே பிடித்தாலும், அந்தக் குழுவின் கையில் மாதாமாதம் அடிபட்டுக்கொண்டிருந்த ஊரில் அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் அங்கே இருந்து பார்த்தேன். மரண தண்டனையும் விதித்தார்கள். 2019 நவம்பரில், கடத்தப்பட்ட இரண்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குப் பதிலாக விடுவித்தார்கள். விடுதலையானவர் தோஹாவில் தாலிபான் பேச்சுக் குழுவில் உட்கார்ந்தார். 2021 ஆகஸ்டில், காபூல் விழுந்த அந்த வாரமே, கர்சாய் வீட்டுக்கு வந்து கைகுலுக்கினார். அந்தப் பேராசிரியர்கள் உயிரோடு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். எங்கள் ஆட்களுக்கும் அந்தக் கதி எந்நேரமும் வரலாம் என்ற நிலையில் வேலை பார்த்தவன் நான். ஆனால் அவரைப் பிடிக்க யாரோ ஒருவர் எங்கோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்?

இதையே ஆயிரக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 2020 பிப்ரவரி 29-இல் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் போட்டன. காபூல் அரசு அந்த மேசையிலேயே இல்லை. ஆனால் அதில் காபூல் அரசின் சிறைகளில் இருந்த 5,000 பேர் வரை விடுவிக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதிபர் கனியின் அரசு முரண்டு பிடித்தது, இழுத்தடித்தது, கடைசி 400 பேருக்காக ஆகஸ்டில் லோயா ஜிர்கா என்ற நாட்டுப் பெரியவர்களின் மகாசபையையே கூட்டியது, பிறகு விட்டது. நான் முன்னால் சொன்ன இரண்டாவது நம்பிக்கை, 'நான் காட்டிக்கொடுத்தவன் திரும்பி வரமாட்டான்' என்பது, அந்த வருடத்தோடு முடிந்தது. திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. இன்ஃபார்மருக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒருவன் வந்தால் போதும்.

அந்த வருடக் குளிர்காலத்தில் காபூலில் காருக்கு அடியில் ஒட்டும் சிறு குண்டுகளால் ஆள் பார்த்துக் கொல்வது பெருகியது. நீதிபதிகள், பத்திரிகையாளர்கள், அரசு ஊழியர்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றிய இரண்டு பெண் நீதிபதிகளை வேலைக்குப் போகும் வழியில் சுட்டார்கள். விமானிகளை வீட்டு வாசலில் கொன்றார்கள். தலைநகரில் ஒரு விமானியைக் காப்பாற்ற முடியாத உளவுத்துறையிடம் ஹெல்மந்தில் இருக்கும் தர்பூசணி வியாபாரி எதை நம்பிச் சொல்வார்?

அந்தத் துறை தன்னையே காத்துக்கொள்ளவும் திணறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 டிசம்பரில் தலைவர் அசதுல்லா காலித், சமாதானத் தூதுவன் என்று வந்தவனை விருந்தினர் இல்லத்தில் வரவேற்றார். வந்தவன் உள்ளாடைக்குள் குண்டு வைத்திருந்தான். காலித் பிழைத்தார், பழைய நிலைக்குத் திரும்ப வெகுகாலம் ஆனது. 2016 ஏப்ரல் 19-இல் காபூலில் என்.டி.எஸ்.ஸின் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவு வளாகத்தில் லாரிக் குண்டு. 64 பேர் செத்தார்கள், 300-க்கும் மேல் காயம். எங்கள் அலுவலக ஜன்னல் சட்டம் அன்று கழன்று என் மேசைமேல் விழுந்தது. நடுவில் இருந்த தூரம் கொஞ்சநஞ்சமில்லை. 2019 ஜனவரி 21-இல் மைதான் ஷாரில் என்.டி.எஸ். பயிற்சித் தளத்துக்குள், ராணுவத்திடமிருந்து பறித்த ஹம்வி வண்டியிலேயே குண்டை ஏற்றி வந்தார்கள். அரசு சொன்ன சாவு எண்ணிக்கை சில டஜன். மாகாண அதிகாரிகள் நூறைத் தாண்டும் என்றார்கள். அன்றைக்குத்தான் தோஹாவில் அமெரிக்கர்களோடு ஒரு சுற்றுப் பேச்சும் ஆரம்பித்தது.

சரி, 2021. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஏப்ரல் 14-இல் பைடன் அமெரிக்கப் படை வெளியேற்றத்தை அறிவித்தார். ஜூலை தொடக்கத்தில் பக்ராம் தளத்தை ராவோடு ராவாகக் காலி செய்தார்கள். விமானங்களைப் பராமரித்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் போனதும் ஆப்கன் விமானப்படை முடங்கத் தொடங்கியது. மே மாதத்திலிருந்தே மாவட்டம் மாவட்டமாக, பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் நடுவில் இருந்து பேசி, காவலர்கள் ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆகஸ்ட் 6-இல் முதல் மாகாணத் தலைநகராகச் சரஞ்ச் விழுந்தது, 12, 13-க்குள் கஸ்னி, ஹெராத், காந்தகார், 15-இல் சண்டையே இல்லாமல் ஜலாலாபாத், அன்று மாலைக்குள் காபூல். கஸ்னி ஆளுநர் தாலிபானிடம் பேசி வழிவாங்கிக்கொண்டு காரில் வெளியேறியபோது அரசு அவரை வார்தக்கில் கைது செய்தது. இந்தப் பேரங்கள் ரகசியமே இல்லை. என் பழைய சகாக்கள் சந்தையில் கேட்டதை எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சந்தைக்குத் தெரிந்தது அம்னியத்துக்குத் தெரியாமலா இருக்கும்? வேகம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரத்தில்கூட அமெரிக்க உளவு மதிப்பீடு, காபூல் 30 நாளில் தனிமைப்படலாம், 90 நாளில் விழலாம் என்பதுதான். அது வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, காபூல் விழுந்துவிட்டது.

வேகம் தெரியாமல் போனதற்குக் காரணம், அது யாரும் ஒளித்துவைத்த திட்டம் இல்லை என்பதே. எல்லோரும் ஓடினால் நானும் ஓடுவேன் என்று ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியாக மனதில் வைத்திருந்ததை எந்த ஒட்டுக்கேட்பிலும் பிடிக்க முடியாது. முன்னோட்டம் மட்டும் இருந்தது: 2015 செப்டம்பர் 28-இல் குண்டூஸ் நகரம் ஒரே நாளில் விழுந்தது. சாலே தலைமையில் போன விசாரணைக் குழு, படை குறைவு காரணமில்லை, கட்டளை கொடுக்க ஆளில்லாததே காரணம் என்று திரும்பியது. அதற்கு முன்னும் பின்னும் என்.டி.எஸ். தலைமை மாறிக்கொண்டே இருந்தது. சாலே 2010-இல் கர்சாயோடு முரண்பட்டு விலகியவர், அப்போதைய தலைவர் நபில் 2015 டிசம்பரில் கனியின் பாகிஸ்தான் பயணத்தைக் கண்டித்து விலகினார், ஸ்தானெக்சாய் 2019-இல். உளவுத்துறைத் தலைவர் சொல்வதை நாட்டின் தலைவர் கேட்க விரும்பாத போதெல்லாம் மாறியது உளவுத்துறைத் தலைவர்தான், கேட்கும் முறை இல்லை.

'விட்டுக்கொடுத்தார்கள்' என்ற பாதிக்கு வருகிறேன். தனித்தனி அதிகாரிகள் கடைசி நேரத்தில் பேரம் பேசியிருப்பார்கள். அந்தக் கோடையில் பேசாத துறையே இல்லை. ஆனால் என்.டி.எஸ். ஒரு நிறுவனமாகச் சேர்ந்து கதவைத் திறந்துவிட்டது என்பதற்கு இதுவரை எந்த ஆதாரமும் வெளிவரவில்லை. எதிர்த்திசையில் ஆதாரம் உண்டு. ஜீரோ யூனிட் ஆட்கள் கடைசி நாட்களில் காபூல் விமான நிலையத்தின் சுற்றுவட்டத்தில் அமெரிக்கர்களோடு காவல் நின்றார்கள். பெரும்பாலானோரைக் குடும்பத்தோடு ஏற்றிச் சென்றார்கள். காபூலுக்கு வெளியே பழைய செங்கல் சூளையில் இருந்த சி.ஐ.ஏ.வின் ஈகிள் தளத்தை ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அமெரிக்கர்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

மற்றவர்கள் எங்கே என்பதற்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. மேல்மட்டம் துருக்கி, தஜிகிஸ்தான், ஐரோப்பா என்று போய்விட்டது. நடுமட்டத்தில் பலர் ஈரானிலும் பாகிஸ்தானிலும் கூலிவேலை செய்கிறார்கள். சிலர் ஐ.எஸ். அமைப்பின் ஆப்கன் கிளையான ஐ.எஸ். கொராசானில் சேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. சிலர் இருக்கலாம், அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தாலிபான் பொதுமன்னிப்பு அறிவித்தது உண்மை. 2021 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூன்வரை முன்னாள் அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர் மீது 800 உரிமை மீறல்களை யுனாமா பதிவுசெய்தது, அவற்றில் 218 கொலைகள், என்பதும் உண்மை. புதிய உளவுத்துறையின் தலைவர் அப்துல் ஹக் வாசிக். குவாண்டநாமோவில் பன்னிரண்டு வருடம் இருந்து, 2014-இல் ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பதிலாக விடுதலையான ஐவரில் ஒருவர். பழைய காத், பழைய அம்னியத் செய்ததுபோலவே இவர்களும் இன்று காபூலில் ஐ.எஸ். வீடுகளைத் தேடுகிறார்கள், பத்திரிகையாளரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

நான் அடிக்கடி நினைப்பது இவர்களில் யாரையும் அல்ல, அந்த அடுத்த வீட்டுக்காரரை. அமெரிக்க விசாவுக்கு, அமெரிக்கர்களிடம் வேலை பார்த்ததற்கான கடிதம் கேட்டார்கள். மேலதிகாரியின் பரிந்துரை கேட்டார்கள். எங்கள் முன்னாள் ஊழியர்களுக்காக அந்த 2021 செப்டம்பர் முழுக்க அப்படிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். லோகரிலிருந்து ஒருவர், நண்பரின் நண்பர் வழியாக, எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். ஆறு வருடம் அம்னியத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறாராம், மாதம் கொஞ்சம் பணம், கையில்தான் கொடுப்பார்களாம். அவரைத் தெரிந்த ஒரே அதிகாரி தொலைபேசியை எடுக்கவில்லை. எந்தக் காகிதமாவது இருக்கிறதா என்று கேட்டேன். "காகிதம் இருந்திருந்தால் நான் எப்போதோ செத்திருப்பேனே" என்றார்.